சென்னை மாணவர் விமானி ஆக எந்த வழி ஏற்றது? ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், மருத்துவத்தையும் பொறியியலையும் மட்டுமே பேசிவந்த வீடுகளில் இப்போது விமானி ஆவதைப் பற்றியும் பேசுகிறார்கள். 2023ஆம் ஆண்டில் ஏர் இந்தியா 470 விமானங்களையும் இண்டிகோ 500 விமானங்களையும் வாங்கப்போவதாக அறிவித்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. இதற்கு வழிகள் பல உள்ளன. நாட்டுக்குள் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேரலாம், அமெரிக்காவுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ போகலாம், விமான நிறுவனமே நடத்தும் கேடட் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், இந்திய விமானப்படையில் சேரலாம். இவற்றை ஒப்பிடும் குடும்பங்கள் பெரும்பாலும் மொத்தக் கட்டணத்தையும், விளம்பரத்தில் சொல்லப்படும் மாதக் கணக்கையும் மட்டுமே எடைபோடுகின்றன. என் கணிப்பில் முதலில் ஒப்பிட வேண்டியது, பணம் கட்டிய நாளுக்கும் முதல் சம்பளம் வாங்கும் நாளுக்கும் இடையில் நேரும் தாமதத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே. இந்தத் துறையில் தாமதம் ஏதோ சிலருக்கு மட்டும் நேர்வது அன்று. ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வது.

சென்னைக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு பழையது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த டி'ஆஞ்சலிஸ் 1910ஆம் ஆண்டிலேயே பல்லாவரத்தில் தம் விமானத்தைப் பறக்கவிட்டார். 1932 அக்டோபரில் தொடங்கிய டாடா அஞ்சல் விமானச் சேவை கராச்சியில் புறப்பட்டு, பம்பாய் வழியாகச் சென்னையில் வந்து முடிந்தது. முப்படைகளுக்கும் பறப்புப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி இன்றும் தாம்பரத்தில்தான் இருக்கிறது. இத்தனை இருந்தும், பயணிகள் விமானங்கள் நெருக்கியடிக்கும் மீனம்பாக்கத்தில் ஒரு புதிய மாணவர் சிறு விமானத்தில் ஏறி இறங்கிப் பழக இன்று இடமில்லை. ஆகவே சென்னை மாணவருக்கு எல்லா வழிகளும் வெளியூர் வழிகளே. விடுதிச் செலவும், சாப்பாட்டுச் செலவும், ஊருக்கு வந்துபோகும் செலவும் எந்தப் பள்ளியின் கட்டண அட்டவணையிலும் இரா. ஒப்பீட்டில் அவற்றை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த உரிமம் வேண்டும் என்பதே முதல் முடிவு. பிபிஎல் எனப்படும் தனியார் விமானி உரிமத்துக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், 17 வயதும், குறைந்தது 40 மணி நேரப் பறப்பும் போதும்; ஆனால் அதைக் கொண்டு சம்பளத்துக்குப் பறக்க முடியாது. சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமத்துக்கு 18 வயதும், 200 மணி நேரப் பறப்பும் வேண்டும். அந்த 200 மணி நேரத்தில் 100 மணி நேரமாவது மாணவர் தாமே தலைமைப் பொறுப்பேற்றுப் பறந்திருக்க வேண்டும். 300 கடல் மைல் தூரப் பயணம் ஒன்றும், இரவுப் பறப்பும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியும் அதில் அடங்கியிருக்க வேண்டும். தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்பும் இளைஞர் முதலில் பிபிஎல் பெற்று, பிறகு சிபிஎல் பெறலாமா என்று கேட்பதுண்டு. பிபிஎல்லுக்காகப் பறந்த மணி நேரங்கள் சிபிஎல் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால் பறப்பு வீணாகாது. ஆயினும் இடையில் ஒரு தேர்வு, ஒரு விண்ணப்பம், அதற்கான காத்திருப்பு ஆகியவை கூடுகின்றன. நேராகச் சிபிஎல் நோக்கிச் செல்வதே அவருக்கு நல்லது. ஏற்கெனவே மருத்துவராகவோ மென்பொருள் பொறியாளராகவோ வேலை பார்த்துக்கொண்டு, விமானம் ஓட்டும் ஆசையையும் நிறைவேற்ற விரும்புபவருக்கு பிபிஎல் பொருத்தமானது. ஆனால் வாடகைக்கு விமானம் எடுத்து வார இறுதியில் பறக்கும் வசதி நம் நாட்டில் மிகக் குறைவு என்பதை அவர் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். உரிமம் கையில் இருந்தும் பறக்க விமானம் கிடைக்காமல், அது செயலற்றுப் போவதே பலருக்கும் நேர்கிறது.

இனி, சிபிஎல் பெற்று விமான நிறுவனத்தில் சேர நினைக்கும் பத்தொன்பது வயது மாணவரையே மனத்தில் வைத்துப் பேசுகிறேன். அவர் எந்த வழியைத் தேர்ந்தாலும் மாறாத இரண்டு படிகள் உள்ளன. இரண்டுக்கும் ஆகும் செலவு மொத்தத்தில் மிகச் சிறியது. இரண்டையும் சென்னையில் வீட்டில் இருந்தபடியே தொடங்கலாம். ஆயினும் பெரும்பாலானோர் பள்ளியில் முன்பணம் கட்டிய பிறகே இவற்றைப் பற்றி யோசிக்கிறார்கள்.

முதற்படி மருத்துவப் பரிசோதனை. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2 பரிசோதனையும், பிறகு அதற்கென உள்ள மையங்களில் சிபிஎல்லுக்குத் தேவையான கிளாஸ் 1 பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். பெங்களூருவில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் அத்தகைய மையங்களில் ஒன்று. பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் திறன், செவித்திறன், இதயத் துடிப்பு, இரத்தம் என்று எல்லாவற்றையும் அங்கே பார்க்கிறார்கள். கண்ணாடி அணிவது தடையன்று; உரிய அளவுக்குத் திருத்திக்கொள்ளக்கூடிய பார்வையை ஏற்கிறார்கள். நிறக்குருடு அப்படியன்று, அதற்குச் சிகிச்சை இல்லை, பலருக்கு அது தமக்கு இருப்பதே அதுவரை தெரிந்திருக்காது. கிளாஸ் 2 சான்றிதழ் கிடைத்தாலே பயிற்சிக் காலத்துக்கான மாணவர் உரிமத்தைப் பெற்றுப் பறக்கத் தொடங்கலாம் என்பதால், கிளாஸ் 1 பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் தரகர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்கவே கூடாது. கிளாஸ் 1 முடிவு கையில் வரும் வரை எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்பதை நான் எல்லாப் பெற்றோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது படி எழுத்துத் தேர்வுகள். வான்வழிச் செலுத்தம், வானிலையியல், வான்போக்குவரத்து விதிகள், பொதுத் தொழில்நுட்பம், பயிற்சி விமானத்துக்குரிய தொழில்நுட்பம் என்று தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு எடுக்க வேண்டும். இவற்றோடு வானொலித் தொடர்புக்கான ஆர்டிஆர் தேர்வும் உண்டு; அதன் வாய்மொழிப் பகுதி மாணவர்களைத் தடுமாறச் செய்வது. தேர்வெழுத முதலில் கம்ப்யூட்டர் நம்பர் எனப்படும் பதிவு எண்ணை டிஜிசிஏவிடம் பெற வேண்டும். அதற்கு மதிப்பெண் சான்றிதழ் உண்மையானது என்று கல்வி வாரியம் உறுதிசெய்து தர வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இதற்கு விண்ணப்பிக்கிறார். இந்த ஒரு கடிதத்துக்காகவே வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம் என்பதால், தேர்வு முடிவு வந்த கையோடு இதைத் தொடங்கிவிடுவது நல்லது. சிபிஎல்லுக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும் என்பது நெடுநாளைய விதி; வணிகவியல் பிரிவில் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரு பாடங்களை மட்டும் எழுதித் தகுதி பெறுவது வழக்கம்.

தேர்வுகளை முன்கூட்டியே முடிக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. பள்ளியில் சேர்ந்த பிறகு படிப்பவர், விமானம் பறக்கத் தயாராக இருக்கும் நாளில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்; தேர்வு முடியும் நேரத்தில் விமானம் பராமரிப்பில் இருக்கும். தாள்களைச் சென்னையிலேயே ஒரு தரை வகுப்பில் சேர்ந்தோ தாமே படித்தோ முடித்துவிட்டுச் செல்பவர், பள்ளியில் இருக்கும் ஒவ்வொரு நாளையும் பறப்புக்கே கொடுக்கிறார். அதைவிட முக்கியமான பயன் ஒன்றும் உண்டு. வானிலையியலும் செலுத்தமும் தமக்குப் பிடிக்கின்றனவா, இந்த ஒழுங்கு தம் மனத்துக்கு ஒத்துவருகிறதா என்பதை மாணவர் சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் அறிந்துகொள்கிறார். ஐம்பது லட்சம் செலவழித்த பின்பு அதை அறிவது கொடுமை.

இப்போது நாட்டுக்குள் இருக்கும் பள்ளிகளைப் பார்ப்போம். சிறு விமான நிலையங்களில் பயிற்சிப் பள்ளிகளை நிறுவ இந்திய விமான நிலைய ஆணையம் சில ஆண்டுகளுக்கு முன் இடங்களைத் தேர்ந்தெடுத்தபோது, தமிழ்நாட்டில் சேலமும், ஆந்திரத்தில் கடப்பாவும், கர்நாடகத்தில் பெலகாவி, கலபுரகி, ஹுப்பள்ளி ஆகியவையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. மைசூருவிலும் பள்ளி இருக்கிறது. பெங்களூரு ஜக்கூரில் உள்ள அரசுப் பள்ளி நாடு விடுதலை பெற்ற காலத்திலிருந்து இருப்பது. இத்தகைய பள்ளிகளில் 200 மணி நேரத்துக்கும், இரட்டை எஞ்சின் பயிற்சிக்கும், கருவிப் பறப்புத் தகுதிக்கும் சேர்த்து ஐம்பது லட்சம் ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகிறது. டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பயிற்சிக்கு ஜிஎஸ்டி இல்லை என்று ஜிஎஸ்டி மன்றம் 2024இல் தெளிவுபடுத்தியிருப்பதால், வரி என்று தனியே கேட்கும் பள்ளியிடம் காரணம் கேட்க வேண்டும்.

இந்தப் பள்ளிகளின் குறையும் நிறையும் பெரும்பாலும் ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன. ஒரு பள்ளியில் ஆறு விமானங்களும் அறுபது மாணவர்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு விமானம் மாதத்துக்கு 60 மணி நேரம் பறந்தால் ஆறும் சேர்ந்து 360 மணி நேரம். ஒரு மாணவருக்கு மாதம் 6 மணி நேரம். அந்த வேகத்தில் 200 மணி நேரத்தை முடிக்க 33 மாதங்கள் ஆகும். அதே விமானங்களுக்கு முப்பது மாணவர்கள் மட்டுமே இருந்தால் மாதம் 12 மணி நேரம் கிடைக்கும். 17 மாதங்களில் முடிந்துவிடும். விளம்பரத்தில் பன்னிரண்டு மாதம் என்று எழுதியிருந்தாலும் இந்த வகுத்தல் கணக்கை எந்தப் பள்ளியாலும் மீற முடியாது. ஆகவே பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை விமானங்கள் உள்ளன என்பதன்று. இன்று காலையில் பறந்தவை எத்தனை, பதிவேட்டில் உள்ள மாணவர்கள் எத்தனை பேர் என்பதே. கொட்டகையில் எஞ்சின் கழற்றப்பட்டு உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும் விமானமும் பட்டியலில் ஒரு விமானமாகவே எண்ணப்படும்.

பறக்கும் நேரம் குறைவதற்குக் காரணங்கள் பல. செஸ்னா போன்ற பயிற்சி விமானங்களை 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும் 100 மணி நேரத்துக்கு ஒரு முறையும் பராமரிப்புக்கு நிறுத்தியே ஆக வேண்டும். சிறு விமான நிலையங்களில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் குறிப்பிட்ட நேரத்துக்கே இயங்கும். பயிற்றுநர்களும் நிலையாக இருப்பதில்லை. விமான நிறுவனம் ஆள் எடுக்கும்போது முதலில் விலகுபவர்கள் அவர்களே. இந்த விமானங்களுக்கான அவ்கேஸ் எரிபொருளை நாடு முன்பு இறக்குமதியே செய்துவந்தது. 2022இல்தான் இந்தியன் ஆயில் அதை வதோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. வானிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். வட இந்தியப் பள்ளிகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் மூடுபனி காலை நேரத்தை விழுங்கிவிடும். நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து சில வாரங்களை எடுத்துக்கொள்ளும். பனியைவிட மழை எளிதில் கடந்துபோவது என்பதால், இந்த ஒன்றில் தென்னிந்தியப் பள்ளிகளுக்குச் சாதகம் இருக்கிறது.

தாமதம் வெறும் காத்திருப்பாக மட்டும் முடிவதில்லை. சிபிஎல்லுக்கு விண்ணப்பிக்கும்போது, விமானத்தில் பறந்து காட்டும் திறன் சோதனைகள் முந்தைய ஆறு மாதங்களுக்குள் முடிந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்ச்சிக்கும் காலவரம்பு உண்டு. பகல் சோதனை முடித்து, இரவுச் சோதனைக்கு விமானம் கிடைக்காமல் மாதங்கள் கடந்தால், முன்பு முடித்ததையே மீண்டும் பணம் கட்டிச் செய்ய நேரும். இந்த வழியில் தாமதத்தின் முழுச் சுமையும் மாணவர் தலையில்தான் விழுகிறது. அதைக் குறைக்கும் ஒரே வழி, பறந்த மணி நேரத்துக்கு மட்டும் பணம் கட்டுவது அல்லது சிறு தவணைகளாகக் கட்டுவது. மொத்தத்தையும் முன்கூட்டியே கட்டினால் சலுகை என்று சொல்லும் பள்ளியைவிட, சற்று அதிகமாக வாங்கினாலும் தவணைக்கு ஒப்புக்கொள்ளும் பள்ளி மேலானது. 2025ஆம் ஆண்டில் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியது; முதல் பட்டியலில் மிக உயர்ந்த இரு பிரிவுகளில் ஒரு பள்ளியும் இடம்பெறவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியாகும் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் சேரக் கூடாது.

உத்தரப் பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் உள்ள ஒன்றிய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாதமியை இதே வகையில் சேர்த்துப் பேசினாலும், அதன் நிலை சற்று வேறு. நுழைவுத்தேர்வு, திறனறி சோதனை, நேர்காணல் ஆகியவற்றைக் கடந்தே அங்கே சேர முடியும். கட்டணம் 45 லட்சம் ரூபாய் அளவில் இருந்துவருகிறது. இடம் கிடைத்தால் தயங்காமல் சேரலாம் என்பேன். ஆனால் இடங்கள் மிகக் குறைவு என்பதால், அதை மட்டும் நம்பி ஓராண்டைக் கழிப்பது சரியாகாது.

வெளிநாட்டுப் பயிற்சியின் பெருஞ்சிறப்பு வேகம். அரிசோனா, ஃபுளோரிடா போன்ற இடங்களில் விமானங்கள் நிறைய இருக்கின்றன, வானம் பெரும்பாலான நாள்களில் தெளிவாக இருக்கிறது, மாணவர் ஓராண்டுக்குள் உரிமத்தோடு திரும்பிவிட முடிகிறது. நெரிசலான வான்வெளியில் கட்டுப்பாட்டு அதிகாரிகளோடு விரைந்து ஆங்கிலத்தில் பேசிப் பழகுவதும் பெரிய பயிற்சி. ஆனால் அந்த உரிமத்தைக் கொண்டு இந்தியாவில் பறக்க முடியாது. அதை இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். அதற்கு விதிகள் தாளையும், செலுத்தமும் வானிலையும் சேர்ந்த கூட்டுத் தாளையும் எழுத வேண்டும். ஆர்டிஆர் தேர்வும் கிளாஸ் 1 சான்றிதழும் வேண்டும். இந்தியப் பள்ளி ஒன்றில் சில மணி நேரம் பறந்து திறன் சோதனைகளிலும் தேற வேண்டும். எந்த வரிசையில் நிற்பதைத் தவிர்க்க மாணவர் கடல் கடந்து போனாரோ, அதே வரிசையில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வரிசை சற்றுச் சிறியது என்பது மட்டுமே ஆறுதல்.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்க விமான விதிகளின் பார்ட் 141 பிரிவில் வரும் பள்ளியில் 190 மணி நேரத்திலேயே வணிக உரிமம் பெறலாம். பார்ட் 61 பிரிவில் 250 மணி நேரம் வேண்டும். இந்தியா 200 மணி நேரம் கேட்பதால், 190 மணி நேரத்தோடு மலிவாக முடித்துத் திரும்பியவர் மீதத்தை இங்கே பறந்து நிரப்ப வேண்டும். அங்கிருந்து புறப்படும் முன் டிஜிசிஏவின் ஒவ்வொரு நிபந்தனையையும், பறந்த நேரங்களைப் பதிந்துவைக்கும் தம் லாக்புக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்வதில்லை. பணத்தைப் பொறுத்தவரை, டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. பத்து ஆண்டுகளுக்கு முன் சொந்தக்காரர் ஒருவர் அமெரிக்காவில் முடித்த செலவை வைத்து இன்று திட்டமிடக் கூடாது. விசா மறுக்கப்படும் அபாயமும் மாணவருடையதே. தென்னாப்பிரிக்கா ஓரளவு மலிவு. நியூசிலாந்தில் பயிற்சி நன்றாக இருந்தாலும் செலவு கூடுதல். உரிம மாற்றத்தைப் பொறுத்தவரை எல்லா நாடுகளுக்கும் நிலைமை ஒன்றே. ஆகவே கையில் தாராளமாகப் பணம் இருந்து, இந்தியத் தாள்களைப் போகும் முன்பே எழுதி முடித்தவருக்கு மட்டுமே இந்த வழியைப் பரிந்துரைப்பேன்.

கேடட் திட்டம் இன்று பெற்றோரை அதிகம் ஈர்க்கிறது. விமான நிறுவனம் தேர்வு நடத்தி மாணவர்களைத் தெரிவுசெய்கிறது. தன் கூட்டாளிப் பள்ளியில் உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ பயிற்சி தருகிறது. குறிப்பிட்ட பெரிய விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சியும் அதில் அடங்கும். எல்லாவற்றையும் முடித்தவருக்குத் துணை விமானியாக வேலை காத்திருக்கிறது. பயிற்சியின் ஒழுங்கும் காலவரையறையும் மற்ற வழிகளைவிட நம்பத்தக்கவை, ஏனெனில் அந்த மாணவர் குறித்த காலத்தில் வந்து சேர வேண்டும் என்பதில் நிறுவனத்துக்கும் அக்கறை இருக்கிறது. நான் முன்பு சொன்ன தாமதச் சுமையில் ஒரு பங்கை வேறொருவரும் சுமக்கும் ஒரே தனியார் வழி இதுதான்.

அதற்கான விலை மிகப் பெரியது. செலவு ஒரு கோடி ரூபாயை எட்டுவதும் தாண்டுவதும் வழக்கம். வேலை உறுதி என்று பேசப்பட்டாலும், ஒப்பந்தத்தில் அது நிபந்தனைக்கு உட்பட்டதாகவே எழுதப்பட்டிருக்கும். இடையில் ஒரு சோதனையில் தவறினாலோ நிறுவனத்தின் தேவை குறைந்தாலோ என்ன ஆகும் என்பதை அந்த நிபந்தனைகளே தீர்மானிக்கும். கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019இலும், கோ ஃபர்ஸ்ட் 2023இலும் பறப்பதை நிறுத்தின. ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள நூற்றுக்கணக்கான விமானிகள் வேலை தேடி வெளியே வந்தார்கள். புதியவர்களின் வரிசை நீண்டது. 2020இல் கோவிட் காலத்தில் கேடட்களும் காத்துக்கிடந்தார்கள். எனவே கேடட் திட்டம் அபாயத்தைக் குறைக்கிறதே தவிர நீக்குவதில்லை. குடும்பத்தின் ஒரே வீட்டை அடமானம் வைத்துத்தான் அந்தக் கோடி ரூபாயைத் திரட்ட முடியும் என்றால், இந்த வழி வேண்டாம் என்றே சொல்வேன்.

விமானப்படையை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதைச் சிலர் ஏற்பதில்லை. அது தொழிற்பயிற்சி அன்று, நாட்டுப் பணி என்பார்கள். அந்தக் கருத்தை நான் மதிக்கிறேன். உண்மையில் அந்த மனநிலை இல்லாதவர் அங்கே போகவும் கூடாது. ஆனால் பறப்பதே வாழ்வின் பெருவிருப்பமாக இருந்து, வீட்டில் பணம் இல்லாத ஒரு பிள்ளைக்கு இந்த வழியைச் சொல்லாமல் விடுவது அநீதி. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்தவர் தேசியப் பாதுகாப்பு அகாதமியில் சேர யுபிஎஸ்சி ஆண்டுக்கு இரு முறை நடத்தும் என்டிஏ தேர்வை எழுதலாம். 2022இலிருந்து பெண்களும் அங்கே சேர்கிறார்கள். பட்டம் பெற்றவர் 20 முதல் 24 வயதுக்குள் விமானப்படை நடத்தும் ஏஎஃப்கேட் தேர்வு வழியாகப் பறப்புப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். டிஜிசிஏவின் சிபிஎல் வைத்திருப்பவருக்கு 26 வயது வரை சலுகை உண்டு. விமானப்படையின் ஆள்தேர்வு வாரியத்தில் நடக்கும் கணினிவழி விமானித் தெரிவுச் சோதனையை வாழ்நாளில் ஒரே முறைதான் எழுத முடியும். தவறினால் பறப்புப் பிரிவு அத்தோடு முடிந்தது. மருத்துவத் தகுதியும் குடிமை விமானத் துறையைவிடக் கடுமையானது. பயிற்சிக்கு மாணவர் ஒரு காசும் கொடுப்பதில்லை. ஹைதராபாத் அருகே துண்டிகலில் பிலாட்டஸ் விமானத்தில் தொடங்கும் அந்தப் பயிற்சியின் தரத்துக்கு நாட்டில் ஈடில்லை. அதற்கு ஈடாகக் கொடுப்பது காலம்: குறுகிய காலப் பணி என்று அழைக்கப்படுவதே பறப்புப் பிரிவில் 14 ஆண்டுகள்.

மற்ற எல்லா வழிகளிலும் உரிமம் கிடைத்த நாளோடு செலவு முடிவதில்லை என்பதை ஒப்பீட்டில் பலரும் விட்டுவிடுகிறார்கள். 200 மணி நேர சிபிஎல் மட்டும் வைத்திருப்பவரை ஏர்பஸ் 320இல் உட்கார வைக்க முடியாது. டைப் ரேட்டிங் வேண்டும், அதற்கு மேலும் பதினைந்து லட்சம் முதல் இருபத்தைந்து லட்சம் ரூபாய் வரை ஆகலாம். வேலை உறுதியாகும் முன் அந்தப் பயிற்சியைச் சொந்தச் செலவில் எடுத்துக்கொள்வது சூதாட்டத்துக்குச் சமம். இண்டிகோ பெரும்பாலும் ஏர்பஸ்ஸும் ஏடிஆரும் ஓட்டுகிறது. ஆகாசா போயிங் 737 ஓட்டுகிறது. நாம் போயிங்குக்குப் பயிற்சி எடுத்த ஆண்டில் ஏர்பஸ் ஓட்டும் நிறுவனம் ஆள் எடுத்தால் அந்தப் பணம் முடங்கிப்போகும். கேடட் திட்டத்தின் ஒரு கோடியையும் பள்ளியின் ஐம்பது லட்சத்தையும் ஒப்பிடுகிறவர், பள்ளிக் கணக்கில் இந்த டைப் ரேட்டிங் தொகையையும், காத்திருக்கும் காலத்துச் செலவையும் சேர்த்துக்கொண்டால், இரண்டுக்கும் உள்ள தூரம் தோன்றிய அளவுக்குப் பெரிதில்லை என்பது விளங்கும்.

காத்திருக்கும் காலம் என்று சொன்னதை விளக்க வேண்டும். இந்தியாவில் விமானிகள் பற்றாக்குறை என்று செய்திகள் வருகின்றன, அது உண்மைதான். விமானிகளின் வாராந்தர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்திய புதிய பணிநேர விதிகள் 2025இல் நடைமுறைக்கு வந்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஏராளமான விமானங்கள் ரத்தானதை நாடே பார்த்தது. ஆனால் பெரும் பற்றாக்குறை இருப்பது தலைமை விமானிகளுக்கே. தலைமை விமானியாக வேண்டுமானால் 1,500 மணி நேரப் பறப்போடு ஏடிபிஎல் எனப்படும் உயர்நிலை விமானி உரிமம் பெற்று, அதற்கு மேலும் நிறுவனத்தின் பயிற்சியைக் கடக்க வேண்டும். புதிதாக சிபிஎல் பெற்றவர்களோ வேலைக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் ஓராண்டுக்கு மேலும் காத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கிளாஸ் 1 சான்றிதழையும் கருவிப் பறப்புத் தகுதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் விமானத்துக்கும் எரிபொருளுக்கும் பணம் வேண்டும். சிலர் அந்தக் காலத்தில் உதவிப் பயிற்றுநராகச் சேர்கிறார்கள். சம்பளம் குறைவு என்றாலும் பறப்பு நேரம் கூடுகிறது, கை மறப்பதில்லை, வேறு எவருக்கேனும் கற்பிக்கும்போது தம் குறைகளும் தெரிகின்றன. என் பார்வையில் காத்திருப்போருக்கு இதைவிட மதிப்பான வேலை இல்லை.

கடன் வாங்கும் குடும்பங்கள் இந்தக் காத்திருப்பை மனத்தில் வைத்தே தவணை தொடங்கும் நாளை வங்கியோடு பேச வேண்டும். பயிற்சி முடிந்து ஆறு மாதத்தில் தவணை தொடங்கும் கடன், இரண்டு ஆண்டுப் பயிற்சி மூன்று ஆண்டாக நீளும்போது, விமானமே ஏறாத தந்தையின் ஓய்வூதியத்திலிருந்து கட்டப்படும். இத்தகைய கடனுக்கு வங்கிகள் சொத்து அடமானம் கேட்பதும் உறுதி. பயிற்சிச் செலவில் பாதிக்கு மேல் கடனாக இருந்தால், மாணவர் அதே காலத்தில் அஞ்சல் வழியிலோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ ஒரு பட்டப்படிப்பையும் சேர்த்துப் படிப்பது அவசியம் என்று கருதுகிறேன். மருத்துவச் சான்றிதழ் ஒருநாள் மறுக்கப்பட்டால், பிளஸ் டூவோடு நின்றுவிட்ட ஒரு விமானிக்குத் தரையில் வேலை கிடைப்பது மிகக் கடினம்.

நடுத்தரக் குடும்பத்துச் சென்னை மாணவர் என்னிடம் கேட்டால், கிளாஸ் 1 சான்றிதழையும் எல்லாத் தாள்களையும் முடித்துவிட்டு, மாணவர் எண்ணிக்கை குறைந்த ஒரு தென்னிந்தியப் பள்ளியில் தவணை முறையில் சேரச் சொல்வேன். கூடவே கேடட் தேர்வையும் எழுதிப் பார்க்கச் சொல்வேன், ஏனெனில் தாள்களை முடித்த மாணவர் அங்கேயும் எளிதில் தெரிவாவார். என்டிஏ வயது வரம்புக்குள் இருப்பவர் அந்தத் தேர்வையும் எழுதாமல் விடக் கூடாது.

சேரும் முன் பள்ளிக்கு நேரில் போய், ஒரு வார நாள் காலையில் ஓடுபாதை ஓரத்தில் நின்று எத்தனை விமானங்கள் ஏறி இறங்குகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஓராண்டு முடித்த மாணவர்களைப் பள்ளிக்கு வெளியே சந்தித்து, அவர்களுடைய லாக்புக்கில் கடந்த மூன்று மாதங்களில் எத்தனை மணி நேரம் ஏறியிருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் மூன்று செய்திகள் எழுத்தில் இருக்க வேண்டும்: எரிபொருள் விலை ஏறினால் கூடுதல் கட்டணம் உண்டா, மருத்துவக் காரணத்தால் நிறுத்த நேர்ந்தால் பறக்காத மணி நேரத்துக்கான பணம் எத்தனை நாளில் திரும்பும், பள்ளியால் குறித்த மாதத்துக்குள் முடிக்க முடியாவிட்டால் விடுதிக் கட்டணம் யாருடையது. மூன்றாவதை எழுத்தில் தர மறுக்கும் பள்ளியில் கையெழுத்திட வேண்டாம்.